செங்கல்லுக்குள் இருந்த தாள்

1924 செப்டம்பர் 25ஆம் தேதி பிற்பகலில், சீனாவின் ஹாங்சோ நகரத்தில், மேற்கு ஏரியின் தென்கரையில் இருந்த லெய்ஃபெங் கோபுரம் இடிந்து விழுந்தது. ஏறத்தாழ 950 ஆண்டுகள் நின்ற கோபுரம். அதன் மரத் தாழ்வாரங்களைப் பதினாறாம் நூற்றாண்டிலேயே தீ தின்றுவிட்டது. மிஞ்சிய செங்கல் கூட்டை ஊர்க்காரர்கள் கொஞ்சம் கொஞ்சமாகப் பெயர்த்துக்கொண்டு போனார்கள். அந்தச் செங்கல் ஒன்று வீட்டில் இருந்தால் நல்லது நடக்கும் என்று நம்பிக்கை. அடி அரிபட்ட கோபுரம் எத்தனை காலம் தாங்கும்?

விழுந்த மேட்டில் செங்கல் பொறுக்கப் போனவர்கள் ஒரு விஷயத்தைக் கவனித்தார்கள். சில செங்கற்களின் ஒரு முனையில் விரல் நுழையும் அளவுக்குத் துளை இருந்தது. துளைக்குள் இறுகச் சுருட்டிய தாள். பிரித்தால் பௌத்த சூத்திரம் ஒன்று, மரப்பலகையில் செதுக்கி அச்சிட்டது. வூயுவே நாட்டு அரசன் சியென் சூ இந்தச் சூத்திரத்தை 84,000 பிரதிகள் அச்சிட்டுக் கோபுரத்துக்கு அளித்தான் என்று தாளின் தொடக்கத்திலேயே எழுதியிருந்தது. ஆண்டு 975. கைபட்டதும் பொடிந்து போனவைதான் அதிகம். பிழைத்தவை சில.

அந்தக் கோபுரம் நின்ற நான்ஷான் சாலையில்தான் சீனக் கலைக் கழகமும் இருக்கிறது. 2015 செப்டம்பரில் அங்கே நடந்த ஒன்பதாவது ‘இம்பேக்ட்’ மாநாட்டுக்கு நான் போயிருந்தேன். அச்சோவியக் கலைஞர்களின் சர்வதேச மாநாடு அது. 1999இல் இங்கிலாந்தின் பிரிஸ்டல் நகரப் பல்கலைக்கழகம் ஒன்று தொடங்கிவைத்தது. பிறகு ஹெல்சிங்கி, கேப் டவுன், தாலின், மெல்பர்ன், டன்டீ என்று ஊர் ஊராகச் சுற்றி இப்போது சீனாவுக்கு வந்திருந்தது. செப்டம்பர் 22 முதல் 26 வரை. கோபுரம் சரிந்த தேதி நடுவில் வருகிறது. ஏற்பாட்டாளர்கள் அதை நினைத்துத் தேதி குறித்தார்களா தெரியாது. எனக்கு அந்தத் தேதி போதுமான காரணமாக இருந்தது.

ஷாங்காயிலிருந்து அதிவேக ரயிலில் ஒரு மணி நேரப் பயணம். ஜன்னலுக்கு வெளியே நெல் வயலும் வாய்க்காலும் மாறி மாறி வந்தன. தலையைத் திருப்புவதற்குள் நகரம் வந்துவிட்டது. நான்ஷான் சாலையின் இருபுறமும் பிளேன் மரங்கள் கைகோத்து நிற்கின்றன. ஒருபக்கம் ஏரி, மறுபக்கம் கல்லூரி. செப்டம்பர் கடைசியில் ஒஸ்மான்தஸ் பூக்கும் காலம். இலைக்கடியில் ஒளிந்திருக்கும் பொடிப்பொடியான மஞ்சள் பூக்கள். மரம் எங்கே இருக்கிறது என்று தேடுவதற்கு முன்பே மணம் வந்து நிற்கும். கடைகளில் நிலா கேக் அடுக்கி வைத்திருந்தார்கள். மாநாடு முடிந்த மறுநாள் சீனர்களின் இலையுதிர்கால நிலவுத் திருவிழா.

கல்லூரி வாசலில் பெயர் அட்டையைக் கழுத்தில் மாட்டிக்கொண்டு பல நாட்டுக்காரர்கள் நின்றார்கள். அச்சோவியக்காரர்களை எந்த ஊரிலும் விரலைப் பார்த்தே அடையாளம் காணலாம். நகக்கண்ணில் கறுப்பு மை தங்கியிருக்கும். எந்த சோப்பும் அதை முழுசாக எடுக்காது. பின்லாந்துக்காரர், மெக்ஸிகோக்காரர், தாய்லாந்துக்காரர் என்று யாரோடு கை குலுக்கினாலும் அந்தக் கறுப்பு இருந்தது. கும்பகோணம் கவின் கலைக் கல்லூரியில் முதல் வருஷம் ரோலர் பிடித்த நாளிலிருந்து என் நகத்திலும் இருப்பதுதான்.

மாநாட்டின் பொருள் ‘அச்சுக்குப் பிந்தைய காலத்தில் அச்சோவியம்’. அரங்குகளில் கட்டுரைகள் வாசித்தார்கள். லேசர் வெட்டுக் கருவியில் பலகை செய்வது, கணினியில் தொடங்கிக் கல்லச்சில் முடிப்பது, ஒரே படத்தின் நூறு பிரதிகளில் மூலம் எது என்ற பழைய கேள்வி. நல்ல உரைகள் இருந்தன. ஆனால் கூட்டம் எங்கே இருந்தது என்று கேட்டால், கீழ்த்தளத்தில் நீர்-மர அச்சுக் கூடத்தில்தான் என்று சொல்வேன். காலை செயல்விளக்கத்துக்கு இடம் பிடிக்க முந்தைய உரையின் பாதியிலேயே ஆட்கள் எழுந்து போனார்கள். நானும் போனேன்.

அந்தக் கூடத்தைப் பற்றி நிதானமாகச் சொல்ல வேண்டும்.

நடுவில் பிளவு விட்ட மேசை. இரண்டு மேசைகளை ஒரு முழ இடைவெளியில் சேர்த்துப் போட்டது போன்ற அமைப்பு. இடது பக்க மேசையின் மேல் அச்சுப்பலகையை ஒட்டுப்பசையால் நிலைநிறுத்துகிறார்கள். வலது பக்கத்தில், நூறு தாள்கள் வரை ஒரே கட்டாக ஒரு மரச்சட்டத்துக்கு அடியில் இறுக்கியிருக்கிறார்கள். அச்சிடுகிறவர் கட்டிலிருந்து ஒரு தாளை எடுத்து, இடப்பக்கம் இழுத்து, பலகையின் மேல் படியவிடுகிறார். அச்சானதும் அந்தத் தாளை நடுப் பிளவுக்குள் தொங்கவிடுகிறார். அடுத்த தாள். தாள் கட்டு நகராது, பலகையும் நகராது. அதனால் முதல் தாளில் பூ விழுந்த இடத்தில்தான் நூறாவது தாளிலும் பூ விழும். இரும்பு இல்லை, உருளை இல்லை, சக்கரம் இல்லை. எங்கள் ஊரில் பிரஸ் இல்லாமல் அச்சு வேலையை யோசிக்கவே மாட்டோம். எட்சிங் பிரஸ்ஸின் சக்கரத்தை இரண்டு பேர் சேர்ந்து சுற்றுவது எங்கள் படிப்பின் பாதி. இங்கே பிளவுபட்ட ஒரு மேசை, ஒரு தூரிகை, ஒரு தேய்ப்புக் கட்டை, இவ்வளவுதான் இயந்திரம்.

அச்சிட்டவர் எழுபதைத் தாண்டியவர். மாணவர்கள் அவரை ஷிஃபு என்று கூப்பிட்டார்கள். கைத்தொழில் ஆசானை அங்கே அப்படித்தான் அழைக்கிறார்கள். என் பக்கத்தில் நின்று மொழிபெயர்த்துச் சொன்ன முதுகலை மாணவி அவரிடம் பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொண்டார். அன்றைக்கு அவர் அச்சிட்டது ஒரு தாமரை. ஒற்றை இதழ், ஒரு தண்டு, பாதி காய்ந்த இலை. அதற்கே ஏழெட்டுப் பலகைகள். பேரி மரத்தில் செதுக்கியவை. ஒரு நிறத்துக்கு ஒரு பலகை. சில இடங்களில் ஒரே நிறத்தின் அடர்த்திக்கும் வெளிறலுக்கும் தனித்தனிப் பலகை.

முதலில் தாள். ஷுவான் என்ற சீனத் தாளை முந்தின நாளே நீர் தெளித்துப் பதமாக்கி, பிளாஸ்டிக் விரிப்பால் மூடி வைத்திருந்தார்கள். பதம் என்றால் இட்லித் தட்டில் விரிக்கும் துணியைப் பிழிந்து உதறிய பதம். ஈரம் அதிகமானால் நிறம் ஓடிவிடும், குறைந்தால் தாள் நிறத்தை ஏற்காது. ஷிஃபு தாளைத் தொட்டுப் பார்க்கவில்லை, புறங்கையை அதன் மேல் ஒரு விரற்கடை உயரத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு வாயகன்ற ஒரு தெளிப்பானால் காற்றில் ஒருமுறை நீரை ஊதினார். தாளின் மேல் அல்ல, தாளுக்கு மேலே இருக்கும் காற்றில்.

பிறகு பலகை. ஆட்டு மயிர்த் தூரிகையில் வெறும் நீர் தடவினார். இதழின் நுனி வரும் இடத்தில் மட்டும் சிவப்பை ஒரு சொட்டு வைத்தார். அப்புறம் பனைவகை நாரால் செய்த வட்டத் தூரிகையை எடுத்து, அந்தச் சொட்டிலிருந்து இதழின் அடி நோக்கி ஒரே இழுப்பு. சிவப்பு போகப் போக வெளிறி, அடியில் நிறமே இல்லாமல் ஆனது. தாளைப் படியவிட்டு, நார் சுற்றிய தேய்ப்புக் கட்டையால் பின்புறத்தில் தேய்த்தார். நுனியில் அழுத்தம், அடியில் வெறும் தடவல். தாளைத் தூக்கியபோது அங்கே நின்ற நாற்பது பேரும் மூச்சு விட்டது கேட்டது. இதழ் காகிதத்தின் மேல் இல்லை. காகிதத்துக்கு உள்ளே இருந்தது. நாங்கள் பயன்படுத்தும் எண்ணெய் மை தாளின் மேல் படலமாக உட்கார்ந்திருக்கும். விரலால் தடவினால் மேடு தெரியும். இந்த நீர் நிறம் நாருக்குள் இறங்கிவிடுகிறது. தாளைத் திருப்பிப் பின்புறம் பார்த்தாலும் அதே இதழ், சற்று மங்கலாக.

இப்படி ஒரு படம் பல பலகைகளால் சேர்ந்து உருவாகும் முறையைப் பதினேழாம் நூற்றாண்டில் உச்சத்துக்குக் கொண்டுபோனவர் நான்ஜிங் நகரத்து ஹூ செங்யென். அவருடைய ‘பத்து மூங்கில் கூடம்’ வெளியிட்ட ஓவியத் தொகுப்பு 1633இல் முடிந்தது. நம் காலத்தில் பெய்ஜிங்கின் ரோங்பாவ்ஷாய் கூடம் ‘ஹான் சிசாயின் இரவு விருந்து’ என்ற பழைய பட்டோவியத்தை இந்த முறையில் அச்சிட 1,600க்கும் மேற்பட்ட பலகைகளைச் செதுக்கியது. ஒரே படத்துக்கு. எண்ணைக் கேட்கும்போது மலைப்பு வரும். ஆனால் அந்தக் கூடத்தில் ஒரு தாமரை இதழின் வெளிறலைப் பார்த்தவருக்கு 1,600 என்பது நியாயமான கணக்காகத்தான் தோன்றும்.

ஷிஃபு அச்சிடுகிறவர் மட்டுமே. இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குள் ஒன்று அசைந்தது. அந்தத் தாமரையை வரைந்தவர் வேறொருவர். பலகையில் செதுக்கியவர் இன்னொருவர். அவர் கூடத்தின் மூலையில் ஜன்னலோரம் வேலை செய்துகொண்டிருந்தார். மெல்லிய தாளில் தீட்டிய படத்தை முகம் கீழாகப் பலகையில் ஒட்டி, தாளின் பின்பகுதியைத் தேய்த்து உரித்து, கோடு மட்டும் தெரியும்படி ஆக்கிக்கொண்டு செதுக்குகிறார்கள். கத்தியை முஷ்டிக்குள் நிமிர்த்திப் பிடித்து, தன்னை நோக்கி இழுக்கிறார். இடது கட்டைவிரல் கத்தி முனைக்கு அருகிலேயே நின்று அதை நிறுத்திப் பிடிக்கிறது. தூரிகை நடுங்கிய இடத்தில் கத்தியும் நடுங்கியதாகச் செதுக்க வேண்டும். நடுங்காத கைதான் நடுக்கத்தைச் செதுக்க முடியும்.

வரைபவர், செதுக்குபவர், அச்சிடுபவர் என்று மூன்று ஆள், மூன்று சம்பளம். ஆயிரம் ஆண்டு காலம் சீனாவின் அச்சு வேலை இப்படித்தான் நடந்தது. உலகில் தேதி குறித்துக் கிடைத்த மிகப் பழைய முழு அச்சுநூல் 868ஆம் ஆண்டு வஜ்ர சூத்திரம். துன்ஹுவாங் குகையில் கிடைத்து இப்போது லண்டனில் இருக்கிறது. தன் பெற்றோருக்காக அதை அச்சிட்டு இலவசமாக வழங்கிய வாங் சியே என்பவரின் பெயர் அதில் இருக்கிறது. செதுக்கியவரின் பெயர் இல்லை. சோங் அரச காலத்து நூல்களில் வேறு வழக்கம் வந்தது. ஏடு மடியும் நடு மடிப்பின் அடியில், பொடி எழுத்தில் செதுக்குபவரின் பெயர் இருக்கும். யார் எத்தனை பலகை செதுக்கினார் என்று கூலிக் கணக்கு பார்ப்பதற்காக வைத்த பெயர். அப்போது இந்த ஹாங்சோதான் சோங் நாட்டின் மிகச் சிறந்த அச்சு நகரங்களில் ஒன்று. பின்னாளில் தலைநகரமும் ஆனது. அந்தக் கூலிக் கணக்கை வைத்துத்தான் இன்றைய ஆய்வாளர்கள் ஒரு நூல் எந்த ஊரில், எந்தக் காலத்தில் அச்சானது என்று கண்டுபிடிக்கிறார்கள். கூலிக்காகப் பொறித்த பெயர் இவ்வளவு வேலை செய்கிறது.

இந்த மூன்று ஆட்களும் ஓர் ஆளான கதையும் இதே கல்லூரியில்தான் தொடங்குகிறது. மாநாட்டுக்கு இடமாக இந்தக் கல்லூரியைத் தேர்ந்தது எவ்வளவு சரி என்பதற்கு எனக்கு இதைவிடப் பெரிய காரணம் வேண்டாம்.

கல்லூரி 1928இல் மேற்கு ஏரியின் கரையில் தேசியக் கலைக் கழகமாகத் தொடங்கப்பட்டது. தொடங்கியவர் கல்வியாளர் சாய் யுவான்பெய். முதல் தலைவர் பாரிஸில் படித்துத் திரும்பிய ஓவியர் லின் ஃபெங்மியென். அடுத்த ஆண்டே மாணவர்கள் சிலர் ஒரு குழு அமைத்தார்கள். சீனக் குடியரசின் 18ஆம் ஆண்டு என்பதால் ‘பதினெட்டுக் கலைச் சங்கம்’ என்று பெயர். அழகான ஏரியையும் ஆப்பிளையும் வரைந்துகொண்டிருந்தால் போதுமா என்பது அவர்களுடைய கேள்வி. அந்தக் கேள்விக்கு ஷாங்காயில் ஓர் எழுத்தாளர் பதில் வைத்திருந்தார்.

லூ சுன் ஹாங்சோவுக்குப் பக்கத்து ஊரான ஷாவ்சிங்கில் பிறந்தவர். லெய்ஃபெங் கோபுரம் விழுந்தபோது மகிழ்ந்து கட்டுரை எழுதியவரும் அவர்தான். மனிதனைக் காதலித்து மணந்த வெண்பாம்புப் பெண்ணை ஒரு துறவி அந்தக் கோபுரத்தின் அடியில் சிறைவைத்தான் என்பது ஊர்க்கதை. சிறுவயதில் பாட்டியிடம் அந்தக் கதையைக் கேட்ட நாளிலிருந்து கோபுரம் விழ வேண்டும் என்று ஆசைப்பட்டவர் லூ சுன். அவருக்கு மேலைநாட்டு மரச்செதுக்கு ஓவியங்களின் மேல் தீராத பற்று. பணம் அனுப்பி வரவழைப்பார், தன் செலவில் பதிப்பிப்பார். ஜெர்மனியின் கேத்தே கோல்விட்ஸ் அவருக்கு மிகவும் பிடித்தவர். 1931 பிப்ரவரியில் லூ சுன்னின் இளைய நண்பர் ரோ ஷி சுட்டுக் கொல்லப்பட்டார். மகன் இறந்ததை ரோ ஷியின் கண்ணிழந்த தாயிடம் யாரும் சொல்லவில்லை. வெளிப்படையாக அஞ்சலி எழுத முடியாத காலம். லூ சுன் கோல்விட்ஸின் ‘பலி’ என்ற மரச்செதுக்கை ஒரு பத்திரிகையின் முதல் இதழில் வெளியிட்டார். ஒரு தாய் தன் குழந்தையை இரு கைகளிலும் ஏந்தி நீட்டும் படம். அதுதான் அவர் எழுதிய இரங்கல்.

அதே ஆண்டு ஆகஸ்ட் 17 முதல் 22 வரை, ஷாங்காயில் 13 இளைஞர்களை உட்காரவைத்து ஒரு வகுப்பு நடத்தினார். புத்தகக் கடைக்கார நண்பர் உச்சியாமாவின் தம்பி ஜப்பானிலிருந்து வந்திருந்தார். அவர் கற்பித்தார், லூ சுன் மொழிபெயர்த்தார். தினமும் கையில் ஒரு கட்டு அச்சோவியங்களோடு வருவாராம். ஆறு நாள் வகுப்பு. நவீன சீன மரச்செதுக்கு இயக்கத்தின் தொடக்கம் என்று எல்லா நூலும் அதைத்தான் குறிக்கிறது. வரைவதும் செதுக்குவதும் அச்சிடுவதும் ஒரே ஆள் என்ற முறையை அந்த இளைஞர்கள் அங்கே கற்றார்கள். பலகை மலிவு, கத்தி சட்டைப்பைக்குள் அடங்கும், பிரஸ் வேண்டாம். ராத்திரியில் செதுக்கிக் காலையில் ஐம்பது பேருக்குக் கொடுக்கலாம்.

கல்லூரியின் காட்சிக்கூடத்தில் அந்தக் காலத்துப் படங்களின் முன் நின்றபோது, கீழ்த்தளத்துத் தாமரையின் நினைவோடுதான் நின்றேன். ஹூ யிச்சுவான் இதே கல்லூரியின் மாணவர். 1932இல் அவர் செதுக்கிய ‘போர்முனைக்கு!’ சிறிய படம்தான். முன்னால் இருப்பவன் வாயைத் திறந்து பின்னால் வருகிறவர்களை அழைக்கிறான். கத்தி அகலமாக அள்ளிப்போன தடங்கள் முகத்தில் அப்படியே இருக்கின்றன. யாரும் அவற்றை மென்மையாக்கவில்லை. தாமரை இதழில் கத்தி தன்னை மறைத்துக்கொண்டது. இங்கே கத்தி தன்னைக் காட்டிக்கொள்கிறது. இரண்டும் ஒரே மரத்திலிருந்து வந்தவை என்று நினைக்க நினைக்க எனக்கு வியப்பு அடங்கவில்லை.

1933இல் இதே கல்லூரி மாணவர்கள் இன்னொரு மரச்செதுக்குக் குழுவைத் தொடங்கினார்கள். அந்த அக்டோபரில் அவர்களில் மூன்று பேரைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போனது. ஒருவர் சாவ் பாய். அவர்மேல் இருந்த சான்றுகளில் ஒன்று, ரஷ்ய எழுத்தாளர் லுனசார்ஸ்கியின் முகத்தைச் செதுக்கிய ஒரு படம். இலக்கியவாதியின் படம் என்று அவர் சொன்னார். செம்படை அதிகாரிதானே என்று விசாரித்தவர் சாதித்தார். இருபது வயதுக்குச் சற்று முன்பின்னான பையன்கள், ஒரு முகத்தைச் செதுக்கியதற்காகச் சிறைக்குப் போனார்கள். வெளியே வந்த சாவ் பாய் 1935இல் லூ சுன்னின் முகத்தைச் செதுக்கினார். கண்காட்சிக்கு வைத்ததைத் தணிக்கை எடுத்துவிட்டது. அதன் பிரதி ஒன்றை அவர் லூ சுன்னுக்கே அனுப்பினார். லூ சுன் அவருடைய சிறைக் கதையைத் தன் கட்டுரை ஒன்றில் எழுதிவைத்தார். அதனால்தான் நமக்குத் தெரிகிறது. 1936 அக்டோபர் 8ஆம் தேதி, காசநோய் முற்றிய நிலையில், ஷாங்காயில் நடந்த மரச்செதுக்குக் கண்காட்சிக்கு லூ சுன் போய் இளைஞர்களோடு உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். எலும்பும் தோலுமான உடம்பு, கையில் சிகரெட், சிரித்த முகம்; ஷா ஃபெய் எடுத்த அந்தப் புகைப்படங்கள் இருக்கின்றன. பதினோராம் நாள் இறந்தார்.

நான் படித்தபோது வுட்கட் பாடத்தில் ஐரோப்பாவைத்தான் முதலில் காட்டினார்கள். ட்யூரர், மங்க், கோல்விட்ஸ். கோல்விட்ஸின் கறுப்பு, சீனாவுக்கு வந்து, அங்கே ஆயிரம் வருஷமாக வேறொரு வேலை செய்துகொண்டிருந்த பலகையோடு சேர்ந்துகொண்டதை நேரில் பார்க்க இவ்வளவு தூரம் வர வேண்டியிருந்தது.

ஒரு பிற்பகலில் பேருந்தில் சியாங்ஷான் வளாகத்துக்கு அழைத்துப் போனார்கள். கல்லூரியின் புதிய வளாகம். கட்டடக் கலைஞர் வாங் ஷூவும் அவர் மனைவி லூ வென்யூவும் வடிவமைத்தது. வாங் ஷூவுக்கு 2012இல் பிரிட்ஸ்கர் பரிசு கிடைத்தது. மாகாணம் முழுவதும் இடித்துத் தள்ளிய பழைய வீடுகளின் ஓடுகளையும் செங்கற்களையும் லட்சக்கணக்கில் வாங்கி வந்து சுவரும் கூரையும் ஆக்கியிருக்கிறார்கள். சுவரைத் தடவிக்கொண்டே நடந்தேன். வீடு இழந்தவர்களின் ஓடு அது என்ற எண்ணமும் கூடவே வந்தது. அதற்குமேல் அங்கே நிற்க நேரமில்லை.

25ஆம் தேதி காலை உரைகளை விட்டுவிட்டு, குஷான் தீவில் இருக்கும் மாகாண அருங்காட்சியகத்துக்குப் போனேன். செங்கல்லிலிருந்து வந்த சுருள் கண்ணாடிக்குள் விரிந்து கிடந்தது. உயரம் ஒரு சாணுக்கும் குறைவு, நீளம் இரண்டு மீட்டர். தொடக்கத்தில் வழிபாட்டுக் காட்சி ஒன்று. பிறகு வரிக்குப் பத்துப் பதினொரு எழுத்து வீதம் ஓடுகிறது. ஓரங்கள் கருகியதுபோல் பழுத்திருந்தன. எழுத்து மட்டும் நேற்று அச்சிட்டது போலக் கறுப்பு. அந்தப் பிரதிகளை யாரும் படிப்பதற்காக அச்சிடவில்லை. படிக்க முடியாத இடத்தில், செங்கல்லுக்குள், மண் பூசி அடைப்பதற்காகவே 84,000. அந்த எண் அசோகனிடமிருந்து வந்தது. அசோகன் 84,000 தூபிகள் எழுப்பினான் என்ற பௌத்தக் கதையைக் கேட்டு, சியென் சூ அதே எண்ணிக்கையில் சிறு உலோகத் தூபிகளும் செய்யச் சொன்னான்.

கண்ணாடிக்குள் இருந்த சூத்திரத்தைச் சமஸ்கிருதத்திலிருந்து சீனத்துக்குக் கொண்டுவந்தவர் எட்டாம் நூற்றாண்டின் அமோகவஜ்ரர். அவருடைய குரு வஜ்ரபோதி. பல்லவ மன்னன் இரண்டாம் நரசிம்மவர்மன் காலத்தில் காஞ்சிபுரத்தில் இருந்தவர் என்றும், அங்கே பஞ்சம் நீங்கப் பிரார்த்தித்தார் என்றும், இலங்கை வழியாகக் கடல் கடந்து சீனா சேர்ந்தார் என்றும் சீனத் துறவிகளின் வரலாறு சொல்கிறது. குரு இறந்த பிறகு சீடரும் இலங்கைக்குப் போய் நூல்கள் திரட்டிக்கொண்டு 746இல் சீனா திரும்பினார். குரு காஞ்சியில் இருந்தது, அங்கே கைலாசநாதர் கோயில் எழுந்த அதே காலம். எங்கள் ஊரிலிருந்து பேருந்திலேயே போய்விடக்கூடிய காஞ்சியில் இருந்து, கடல் கடந்து போன ஒரு மனிதரின் சீடர் பேசிய சொற்கள், இரண்டு நூற்றாண்டு கழித்துப் பலகையில் ஏறி, செங்கல்லுக்குள் அடைந்து, ஆயிரம் வருஷம் கழித்து என் கண்முன் கிடந்தன. அங்கிருந்த காவலர் வந்து, கண்ணாடியில் நெற்றியை வைக்க வேண்டாம் என்று சைகை காட்டும் வரை அங்கேயே நின்றிருந்தேன்.

கடைசி நாள் திறந்த காட்சி. நீளமான மேசைகளில் அவரவர் படங்களைப் பரப்பி வைப்பார்கள். யாரும் வந்து எடுத்துப் பார்க்கலாம், கேட்கலாம், ஒன்றுக்கொன்று மாற்றிக்கொள்ளலாம். மாநாடுகளில் எனக்கு மிகவும் பிடித்த மூன்று மணி நேரம். மேடை இல்லை, ஒலிபெருக்கி இல்லை. போலந்துக்காரர் ஒருவர் தன் மெஸோடின்ட்டைக் காட்ட விளக்கைக் கையோடு கொண்டுவந்திருந்தார். என் மேசையில் காவிரிப் படித்துறைகளை வைத்துச் செய்த கறுப்பு வெள்ளை மரச்செதுக்குகள் இருந்தன.

ஷிஃபு வந்தார், கூடவே அந்த மாணவியும். என் படத்தை இரண்டு கையாலும் எடுத்தவர் முன்பக்கத்தைச் சற்று நேரமே பார்த்தார். பிறகு திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார். அங்கே ஒன்றும் இல்லை. எண்ணெய் மை பின்பக்கத்துக்கு வராது. அவர் தலையசைத்துவிட்டு ஏதோ கேட்டார்.

“வரைந்தது யார் என்று கேட்கிறார்.”

“நான்தான்.”

“செதுக்கியது?”

“நான்தான்.”

“அச்சிட்டது?”

“அதுவும் நான்தான்.”

ஷிஃபு மாணவியிடம் நீளமாக ஒன்று சொன்னார். அவர் சிரித்துக்கொண்டே மொழிபெயர்த்தார்: “அப்படியென்றால் மூன்று பேருக்குமே ஓய்வு இல்லை என்கிறார். செதுக்குகிறவர் நன்றாக வேலை செய்திருக்கிறாராம். அச்சிடுகிறவர் அவசரப்பட்டிருக்கிறாராம்.”

எந்த இடத்தில் என்று கேட்டேன். நீர் படிக்கட்டைத் தொடும் கோட்டை விரலால் காட்டினார். மை அங்கே கொஞ்சம் கனத்திருந்தது. பிறகு பலகையைப் பற்றிக் கேட்டார். மாமரம் என்றேன். மாணவி தன் கைபேசியில் மாமரத்தின் படத்தைத் தேடிக் காட்டினார். பழம் தெரியும், மரத்தில் செதுக்கலாம் என்று தெரியாது என்றார் ஷிஃபு. ரேகை எப்படி ஓடும், கத்திக்குக் கடினமா, நீரை உறிஞ்சுமா, மழைக்காலத்தில் உப்புமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். நீர் நிறத்தை அதில் வைத்துப் பார்த்ததில்லை என்று சொன்னேன். அவர் வைத்துப் பார்க்க விரும்பினார். பதிலுக்கு ஒரு பேரிப் பலகை தருவதாகவும், நாளைக் காலை ரயிலுக்கு முன் கூடத்துக்கு வந்தால் எப்படித் தேய்ப்பது என்று காட்டுவதாகவும் சொன்னார்.

மாணவி முகவரியை என் குறிப்பேட்டில் சீன எழுத்திலேயே எழுதிக் கொடுத்தார், தபால்காரருக்குச் சிரமம் இருக்கக்கூடாது என்று. அதன் கீழே ஷிஃபு சொல்லச் சொல்ல நானே எழுதிக்கொண்டேன்: ஒரு சாண் அகலம், ஒன்றரைச் சாண் நீளம், கணு இல்லாத இடம், மரத்தை நெடுக்காக அறுத்தது. நிழலில் குறைந்தது இரண்டு வருஷம் காய்ந்திருக்க வேண்டும். ஈர மரத்தை அனுப்பினால் கப்பலிலேயே வளைந்துவிடும், அவசரப்பட வேண்டாம் என்றார்.